பெரியவர்கள் பேசட்டும்

ஐதராபாத்தில் அப்சல்கஞ்ச் என்று ஒரு பகுதி இருக்கிறது. மூசி ஆற்றங்கரையில் உள்ள பகுதி அது. அங்கே உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் வயதான புளியமரம் ஒன்று நிற்கிறது.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி மூசி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. தெருத் தெருவாக வீடுகள் இடிந்தன. பல ஆயிரம் பேர் மாண்டார்கள். இந்தப் புளியமரத்தில் ஏறிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். சுமார் 150 பேர் என்று சொல்கிறார்கள்.

அந்த மரத்தில் யார் யாரை மேலே தூக்கிவிட்டார்? கைக்குழந்தையை வைத்திருந்தவர் கிளையை எப்படிப் பிடித்துக்கொண்டார்? பசித்த பிள்ளைகளுக்கு என்ன சொல்லிச் சமாதானம் செய்தார்கள்? கீழே இறங்கியபோது வீடு இருந்ததா? 150 பேரிடம் 150 கதைகள் இருந்திருக்கும்.

வெள்ளத்துக்குப் பிறகு நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யா என்ற பொறியாளரை வரவழைத்தது. அவர் சொன்ன யோசனைப்படி அணைகள் கட்டினார்கள். உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது. இமாயத் சாகர் 1927-இல் முடிந்தது. இந்த விவரமெல்லாம் அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. மரத்தில் இருந்தவர்களின் கதைகள் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

அதே வெள்ளத்தில் அம்ஜத் ஐதராபாதி என்ற உருதுக் கவிஞர் தன் தாயையும் மனைவியையும் மகளையும் இழந்தார். அவர் மட்டும் தப்பினார். அவருக்கு எழுதத் தெரியும். எழுதினார். அவர் துயரம் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. மற்றவர்கள் தம் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கடைசியில் மரமும் ஓர் எண்ணிக்கையும்தான் மிஞ்சின.

டேப் ரெக்கார்டரோடு போன பெண்கள்

ஐதராபாத்தில் 1978-இல் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஸ்திரீ சக்தி சங்கடனா என்பது அதன் பெயர். அவர்கள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். கையில் டேப் ரெக்கார்டரோடு தெலங்கானா கிராமங்களுக்குப் போனார்கள். வயதான பெண்களின் அருகில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசியதைக் கேசட்டில் பதிந்தார்கள்.

எதைப் பற்றிப் பேசினார்கள்? 1946 முதல் 1951 வரை தெலங்கானாவில் ஒரு பெரிய போராட்டம் நடந்தது. அப்போது கிராமங்களில் தேஷ்முக் என்ற நிலப்பிரபுக்கள் வைத்ததே சட்டம். ஏழைகள் கூலி இல்லாமல் அவர்களுக்கு வேலை செய்ய வேண்டும். இதற்குத் தெலுங்கில் ‘வெட்டி’ என்று பெயர். தமிழிலும் ‘வெட்டி வேலை’ என்ற சொல் உண்டு. இப்போது அதற்குப் பயனில்லாத வேலை என்று பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலி இல்லாமல் செய்யும் வேலைக்கு அதுதான் பெயர்.

வெட்டி வேலையை எதிர்த்தும் நிலத்துக்காகவும் மக்கள் போராடினார்கள். இதைப் பற்றி ஆண் தலைவர்கள் பலர் புத்தகம் எழுதினார்கள். பெண்களும் அந்தப் போராட்டத்தில் இருந்தார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களில் அவர்களுக்குச் சில வரிகளே கிடைத்தன.

பாலகுர்த்தி கிராமத்தின் ஐலம்மா சலவைத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். விசுனூர் தேஷ்முக் அந்த நிலத்தையும் விளைச்சலையும் பறிக்கப் பார்த்தார். ஐலம்மா விடவில்லை. சங்கத்து ஆட்கள் துணை நின்றார்கள். விளைந்த நெல் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

மல்லு சுவராஜ்யம் வசதியான வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே போராட்டத்தில் சேர்ந்தார். அவரைப் பிடித்துக் கொடுத்தால் 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று ஐம்பது வருடம் பழைய நகைக்கடை ரசீதைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

கமலம்மா காட்டில் தலைமறைவாக இருந்தபோது குழந்தை பெற்றார். குழந்தை அழுதால் போலீஸுக்குக் கேட்கும். கூட இருப்பவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டார். பல வருடம் கழித்து ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது இதைச் சொன்னார். எத்தனை துப்பாக்கி, எத்தனை ஊர் என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தச் செய்தி வெளியே வந்திருக்காது.

கேசட்டில் இருந்ததை எழுத்தில் இறக்கி 1986-இல் தெலுங்கில் புத்தகமாகப் போட்டார்கள். ‘நமக்குத் தெரியாத நம் வரலாறு’ என்பது அந்தத் தெலுங்குத் தலைப்பின் பொருள். 1989-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. ஐலம்மா 1985 செப்டம்பரில் காலமாகிவிட்டார். புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் பேச்சு அதில் இருக்கிறது. ஓரிரு வருடம் தள்ளிப்போட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது. 2024-இல் ஐதராபாத் கோட்டியில் உள்ள பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு ஐலம்மாவின் பெயரை வைத்தார்கள். மல்லு சுவராஜ்யம் 2022 வரை இருந்தார்.

எப்படிக் கேட்பது?

எல்லார் வீட்டிலும் போராட்டக் கதை இருக்காது. ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். செகந்திராபாத்தில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ராணுவம், ரயில்வே, வியாபாரம் என்று பல வேலைகளுக்காக வந்தவர்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் கைபிடித்து வந்தார்கள் என்பது அந்தந்த வீட்டின் மூத்தவருக்குத்தான் தெரியும்.

“உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பதில் வராது. “என்னத்தைச் சொல்ல? பிறந்தேன், வளர்ந்தேன், உங்களைப் பெத்தேன்” என்று முடித்துவிடுவார்கள். சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் என்ன வேலை செய்தீர்கள்? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? மாமியார் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள்?

கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் இன்னும் நல்லது. பழைய புகைப்படம், வெண்கலச் சொம்பு, ரேஷன் அட்டை, எதுவானாலும் சரி. ஐதராபாத் சமஸ்தானத்துக்குத் தனி நாணயம் இருந்தது. அதை ஹாலி ரூபாய் என்பார்கள். பெட்டியில் ஒன்று கிடந்தால் எடுத்து நீட்டலாம். அதைத் தொட்டதும் அன்றைய அரிசி விலை தானாக வரும்.

“எந்த வருடம்?” என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர்கள் வருடத்தை வேறு விதமாக எண்ணுவார்கள். “பெரியவன் கைக்குழந்தை அப்போ” என்பார்கள். “போலீஸ் ஆக்‌ஷன் நடந்த சமயம்” என்பார்கள். ஐதராபாத் இந்தியாவோடு சேர்ந்த 1948 செப்டம்பரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெரியவன் பிறந்த வருடம் தெரிந்தால் போதும். கேட்பவர் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆந்திரப் பிரதேசம் உருவானது 1956. தனித் தெலங்கானா கேட்டு முதல் பெரிய கிளர்ச்சி 1969. நகரத்தில் பெரிய வெள்ளம் 2000 ஆகஸ்டில் வந்தது. தெலங்கானா மாநிலம் பிறந்தது 2014. இப்படிச் சில வருடங்களை ஒரு தாளில் எழ்திவைத்துக்கொண்டால் சுலபம்.

பல வீடுகளில் தாத்தாவைத்தான் பேசச் சொல்வார்கள். பாட்டி அடுப்படியிலிருந்து, “அவர் சொல்றது சரியில்லே” என்பார். அந்தப் பாட்டியையும் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கணவனை இழந்து அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்ட அத்தையையும் கேட்க வேண்டும். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குடும்பத்தின் பாதி ரகசியம் அவரிடம்தான் இருக்கும்.

அக்கா ஒன்று சொல்வார், தங்கை வேறு சொல்வார். ஒரே கல்யாணம்தான். ஒருவருக்கு மழை பெய்தது, மற்றவருக்கு வெயில் கொளுத்தியது! யார் சொல்வது சரி என்று அங்கேயே பஞ்சாயத்து வைக்கக் கூடாது. இரண்டையும் பதிந்துவைக்க வேண்டும். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவவும் கூடாது. கொஞ்சம் காத்திருந்தால் அவர்களே தொடர்வார்கள். முக்கியமான செய்தி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வரும்.

கண்ணுக்கு நேராகக் கேமரா

இன்று செல்போனிலேயே வீடியோ எடுக்கலாம். அதை எந்த உயரத்தில் பிடிப்பது? இதற்குப் பதில் ஐதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஜகீராபாத் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறது.

அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு வேலை செய்கிறது. கிராமங்களில் பெண்கள் சங்கங்களை வளர்த்த அமைப்பு அது. அந்தச் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண்கள் சிலர் 1990-களில் வீடியோ எடுக்கக் கற்றார்கள். கூலி வேலை செய்தவர்கள், சிறு நிலம் வைத்திருந்தவர்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கேமராவைக் கற்றுக்கொண்டார்கள். தங்கள் விதைகளையும் பயிரையும் வாழ்க்கையையும் படமாக்கினார்கள்.

அவர்கள் கேமராக் கோணங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் அது ‘பட்டேல் ஷாட்’. நிலப்பிரபு உயரத்தில் உட்கார்ந்து ஏழையை அப்படித்தான் பார்ப்பார். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் அது அடிமை ஷாட். கண்ணுக்கு நேராக வைத்து எடுத்தால் ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லாரும் தரையில் ஒன்றாகத்தானே உட்காருகிறார்கள்! சினிமாப் பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தருவார்களா என்பது சந்தேகம். இதே பகுதியில் 2008 அக்டோபர் 15 முதல் சங்கம் ரேடியோ என்ற வானொலியையும் பெண்கள் நடத்தினார்கள்.

பாட்டி தரையில் உட்கார்ந்தால் எடுப்பவரும் தரையில் உட்கார வேண்டும். செல்போனை அவர் கண் மட்டத்தில், படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். கை நடுங்கும் என்றால் நாலு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைக்கலாம். வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும், முதுகுப் பக்கம் ஜன்னல் இருக்கக் கூடாது. மின்விசிறியையும் டி.வி.யையும் நிறுத்த வேண்டும். அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடித்து முடியட்டும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும், வயதானவர்கள் களைத்துவிடுவார்கள்.

சொல்ல விரும்பாததைத் தோண்டக் கூடாது. 1948-இல் நடந்த கொலைகளையும் கொள்ளையையும் பற்றிப் பல குடும்பங்கள் இன்றுவரை வாய் திறப்பதில்லை. சிலர் திடீரென்று சொல்லத் தொடங்குவார்கள், சொல்லும்போதே அழுவார்கள். அப்போது செல்போனை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பதிந்து முடித்ததும் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். “இது வேண்டாம்” என்று அவர் சொல்லும் இடத்தை அழித்துவிட வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. பங்காளிச் சண்டை பாதியும் இப்படித்தான் தொடங்குகிறது.

பழைய கேசட்டுகள்

பல வீடுகளில் கல்யாண வீடியோ கேசட்டுகள் அலமாரியில் கிடக்கின்றன. இறந்துபோன அப்பா அதில் நடக்கிறார், சிரிக்கிறார். ஆனால் போட்டுப் பார்க்க வி.சி.ஆர். இல்லை. வி.சி.ஆர். செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் புனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

கேசட் நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக். அதன்மேல் காந்தத் தன்மையுள்ள துகள்களைப் பூசியிருப்பார்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வருடங்கள் போனால் பூச்சு உதிரும். ஆகவே கேசட்டில் இருப்பதைச் சீக்கிரம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சில வீடியோ ஸ்டூடியோக்களில் செய்து தருகிறார்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது, நாடா அறுந்துவிடும். கேசட்டின் விளிம்பில் பல் போல ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஒடித்துவிட்டால், யாரும் தவறுதலாக அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அப்பாவின் குரல்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்துபோன வீடுகள் எத்தனையோ!

செல்போனில் எடுத்ததும் நிரந்தரம் அல்ல. போன் தொலையும், தண்ணீரில் விழும். ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட வேண்டும். இன்னொரு பிரதி வேறு வீட்டில், தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதியதில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெயர் எழுதாத கேசட்டை எடுத்துப் பார்ப்பவருக்கு அது யார் குரல் என்று தெரியாது. பேசுபவரே முதலில் தன் பெயரையும் ஊரையும் சொல்லித் தொடங்கினால் நல்லது. ஒரு நோட்டில், பேசியவர் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர், பேசிய தேதி, கேட்டவர் பெயர் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். புகைப்படங்களின் பின்பக்கத்திலும் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதலாம். அதைப் பென்சிலால் மெதுவாக எழுத வேண்டும். பேனா மை மறுபக்கம் ஊறி முகத்தில் இறங்கிவிடும்.