வாயைத் திறந்து காட்டுங்கள், அப்பு

பூவரசங்குளத்தில் வயலால் வரும் முதியவர் முதலில் தேடுவது மடியிலுள்ள வெற்றிலையைத்தான். கூடவே பாக்கும் புகையிலையும் இருக்கும். இலங்கை ஆண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்று. அதற்கு இப்பழக்கமே பிரதான காரணம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்தது. "நான் புகையிலை போடுறேல்லை, சுவாமி" என்போர் இதைக் கவனிக்க.

இந்நோய் ஒளிந்து வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த படை, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம் ஆகியவை முன்னறிகுறிகள். ஆரம்பத்தில் நோவு இராது; அதனாலேயே எவரும் வைத்தியரிடம் போவதில்லை. நல்ல வெளிச்சத்தில் வாயைப் பார்ப்பதுதான் பரிசோதனை. கேரளத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரத் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று இப்படிப் பார்த்தனர். புகையிலை, மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

காப்புறுதி இல்லையே என்கிறார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். செலவு பஸ்ஸுக்கும், இழந்த நாட்கூலிக்கும், துணைக்குப் போகும் மகனுக்கும்தான். வவுனியாவுக்கு ஒரு நாள். கதிர்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை என்றால் கிழமைக்கணக்கு.

எமது ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. சந்தா கட்டினால் பெட்டியும் பந்தலும் நிச்சயம். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்பது எமது எண்ணம்: வாய்ப் பரிசோதனைக்குப் போகும் அங்கத்தவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பஸ் கூலி. செத்தவீட்டுச் செலவில் அது எத்தனையில் ஒரு பங்கென்று தனாதிகாரி கணக்குப் பார்க்கட்டும்.