மூத்த ஆட்டக்காரரை மாற்றிக் கொடுக்கலாமா?

பொந்தியான் வட்டாரத்தில் செம்பனையையும் அன்னாசியையும் கண்டு வளர்ந்தோர்க்கு, ஒரு மரத்தை எப்பொழுது வெட்டுவது என்னும் கேள்வி புதியதன்று. செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்குகிறது. பின்னர்ப் பல்லாண்டுகள் நிறைவாகக் குலை தள்ளுகிறது. இருபத்தைந்து ஆண்டளவில் விளைச்சல் குறைகிறது. மரமும் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. அப்பொழுது அதனை வீழ்த்தி மறுநடவு செய்கின்றனர். வெட்டுமுன் தோட்டத் துரை பார்ப்பது, அம்மரம் இதுகாறும் எத்தனை குலை தந்தது என்பதையன்று. இனி எத்தனை தரும் என்பதையே.

இக்கணக்கு மனிதர்க்கும் பொருந்துமா என்னும் வழக்கு 2025ஆம் ஆண்டு நவம்பரில் எழுந்தது. அம்மாதம் 15ஆம் நாள், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் இராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. சென்னையைக் கண்ணால் காணாதவரும் சென்னை அணியைத் தம் அணியாகக் கொண்டாடும் ஊர் நம் ஊர். ஆதலின் இங்குள்ள உணவுக்கடை மேசைகளிலும் வாதம் சூடு பிடித்தது. "முதுமை வந்தால் விலக்குவதே முறை" என்றார் ஒருவர். "கோப்பை வாங்கித் தந்தவனையா?" என்று சீறினார் மற்றொருவர். தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "மரத்த வெட்டுறப்ப மரத்தக் கேக்குறதில்ல, வாத்தியாரே. மனுசன அனுப்புறப்ப அவனக் கேட்டாங்களா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். வாதிட்ட ஏனையோர் எழுப்பாத கேள்வி அது.

விடை தேடுமுன் சொல்லைச் சற்று ஆராய்தல் நன்று. ஓர் அணி தன் ஆட்டக்காரரைக் கொடுத்து வேறோர் அணியின் ஆட்டக்காரரைக் கொள்வதைத் தமிழில் என்னென்பது? 'பண்டமாற்று' என்றால் நெல்லுக்கு உப்பு என்பது போல மனிதர் பண்டமாகிவிடுவர். 'கைமாற்று' என்பது வட்டியில்லாச் சிறுகடனைக் குறிக்கும் சொல். ஆட்டக்காரரைச் சில காலம் இரவல் கொடுக்கும் கால்பந்து வழக்கத்துக்கு வேண்டுமானால் அது அழகாகப் பொருந்தும். 'இடமாற்றம்' என்பதன் சுவையை ஆசிரியப் பெருமக்கள் நன்கு அறிவர். ஆனால் அங்கே பள்ளி மாறினாலும் முதலாளி மாறுவதில்லை. 'பரிமாற்றம்' என்பதே குறையுடையதாயினும் ஏற்புடையது. அதனையே ஈண்டுக் கொள்வோம்.

இப்பரிமாற்றம் நமக்குப் புதிது. இந்தியப் பிரிமியர் லீக்கில் 2009ஆம் ஆண்டில்தான் இது தொடங்கியது. சாகீர் கானும் இராபின் உத்தப்பாவும் மும்பைக்கும் பெங்களூருக்குமாக இடம் மாறினர். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலோ இது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். ஆகவே வழக்கின் முழு உருவத்தைக் காண அங்கே செல்ல வேண்டும்.

நம் பள்ளிகளில் ஆடப்படும் சாஃப்ட்பாலின் மூத்த உடன்பிறப்பு அவ்வாட்டம். களத்தில் நிற்போர் ஒன்பதின்மர். அவருள் மூவர் தொலைவில், இடப்புறமும் நடுவிலும் வலப்புறமுமாகப் புற்பரப்பைக் காப்பவர். அவரைப் புறக்களத்தார் எனலாம். புறக்களத்தாரின் முதல் கருவி கால். உயரப் பறந்துவரும் பந்தின் கீழ் ஓடிச் சேர வேண்டும். முதுமையோ முதலில் காலைத்தான் பற்றுகிறது. கண்ணும் தோளும் பிறகே தளர்கின்றன. எனவே முப்பதைக் கடந்த புறக்களத்தார் பலர் முன்போலவே பந்தை அடிப்பர். ஆனால் முன்போல ஓடிப் பிடியார். நடுவில் நின்றவரை ஓட்டம் குறைந்த ஓரத்துக்கு மாற்றுவதுண்டு. கிரிக்கெட்டில் வயதானவரை 'சிலிப்' பக்கம் நிறுத்துவது போன்றதே இது. களம் காவாமல் அடிக்க மட்டுமே வரும் ஒருவரை அமெரிக்கன் லீக் 1973இலும் நேஷனல் லீக் 2022இலும் நிலையாக ஏற்றுக்கொண்டன. மூத்தோர்க்கு அது புகலிடமாயிற்று. ஆகவே மூத்த புறக்களத்தாரை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்னும் வாதத்தில் இரு கட்சியாரும் ஓரளவு மெய்யே பேசுகின்றனர். ஒருவர் காலைப் பார்க்கிறார். மற்றவர் தோளைப் பார்க்கிறார்.

இதனை ஒரே மனிதரின் வரலாற்றில் காணலாம். பிராங்க் ராபின்சன் சின்சினாட்டி அணியின் புறக்களத்தார். 1965ஆம் ஆண்டில் 33 ஹோம் ரன்கள் அடித்தவர். அவ்வாண்டு டிசம்பரில், அவருக்கு வயது முப்பதான நிலையில், பால்ட்டிமோர் அணிக்கு அவரைக் கொடுத்து, மில்ட் பாப்பாஸ் என்னும் பந்தெறிவோரையும் வேறு இருவரையும் பெற்றுக்கொண்டனர். வயது முப்பதேயாயினும் அது இளமையான முப்பதன்று என்னும் பொருள்பட அணித் தலைவர் பில் டிவிட் காரணம் கூறினார். அடுத்த ஆண்டே ராபின்சன் 49 ஹோம் ரன்கள் அடித்தார். அடிச் சராசரியிலும், தம் அடியால் அணிக்கு ஈட்டித்தந்த ஓட்டங்களிலும் அவரே முதல்வராகி 'மும்முடி' சூடினார். பால்ட்டிமோர் அணி உலகத் தொடரை நான்குக்குச் சுழி என்னும் கணக்கில் வென்றது. பாப்பாசோ சின்சினாட்டிக்காக 12 ஆட்டங்களை வென்று 11 ஆட்டங்களில் தோற்றார். மூத்தவரை அனுப்பிக் கெட்டோர் கதை என்று இதனை இன்றும் எடுத்துக்காட்டுவர்.

எடுத்துக்காட்டுவோர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். கதையின் மறுபாதி 1971 டிசம்பரில் உள்ளது. அப்பொழுது ராபின்சனுக்கு வயது முப்பத்தாறு. பால்ட்டிமோரில் இளைய புறக்களத்தார் இடத்துக்குக் காத்து நின்றனர். இம்முறை பால்ட்டிமோர் அவரைப் பிறர் ஒருவருடன் லாஸ் ஏஞ்சலிசுக்குக் கொடுத்து இளைஞர் நால்வரைப் பெற்றது. 1972இல் அவர் அடித்தவை 19 ஹோம் ரன்கள். பால்ட்டிமோர் 1973இலும் 1974இலும் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஒரே மனிதர், இரண்டு பரிமாற்றம், முன்னது பிழை, பின்னது சரி. இடையே ஓடியவை ஆறு ஆண்டுகளே. முதல் முறை அணியார் வயது என்னும் எண்ணைப் பார்த்தனர். இரண்டாம் முறை ஆளையும், அவர் இடத்துக்கு வருவோரையும் பார்த்தனர். பால்ட்டிமோரில் அவர் அணிந்த 20ஆம் எண்ணை, அவரை அனுப்பிய பின்னர், வேறெவரும் அணியாதபடி அணியார் ஒதுக்கி வைத்தனர் என்பதும் நோக்கத்தக்கது.

வில்லி மேஸ் கதை வேறு வகை. புறக்களத்தாருள் மிகச் சிறந்தவர் இவரே என்பார் பலர். 1972 மே மாதம், நாற்பத்தொரு வயதில், சான் பிரான்சிஸ்கோ அணி அவரை நியூயார்க் மெட்ஸ் அணிக்குக் கொடுத்தது. உரிமையாளர்க்குப் பணமுடை; ஓய்வுக்குப் பின் அவரைத் தாங்கும் வசதி தம்மிடம் இல்லை, நியூயார்க்காரரிடம் உண்டு என்பதும் பேச்சில் இருந்தது. மெட்சுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, தம் பழைய அணிக்கு எதிராக, வெற்றி தந்த ஹோம் ரன்னை அவர் அடித்தார். 1973 உலகத் தொடரில் அதே மனிதர் புறக்களத்தில் பந்தைத் தேடித் தடுமாறி விழுந்ததையும் நாடே பார்த்தது. இப்பரிமாற்றத்தை ஆட்டக் கணக்கால் அளந்தால் நட்டம். ஆயினும் அதனைத் தவறு என்று கூற என் நா எழவில்லை.

தண்டலாரின் கேள்விக்கு விடை கர்ட் பிளட் என்பவரிடம் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் அணியில் பன்னிரண்டு பருவம் ஆடிய நடுப்புறக்களத்தார் அவர். களம் காத்தலில் சிறந்தோர்க்குரிய தங்கக் கையுறையை 1963 முதல் ஏழாண்டு தொடர்ந்து பெற்றவர். 1969 அக்டோபரில் அவரைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அக்கால ஒப்பந்தப்படி ஆட்டக்காரர் செய்யத்தக்கது ஒன்றே: போக வேண்டும், அல்லது ஆட்டத்தையே விட வேண்டும். பிளட் இரண்டுக்கும் இசையவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், தாம் விருப்பம் கேளாமல் வாங்கி விற்கத்தக்க உடைமை அல்லர் என்று ஆட்ட ஆணையர் பௌவி கூனுக்கு எழுதினார். கறுப்பின மகன் ஒருவன் எழுதிய அச்சொல்லின் கனத்தை, பால்மரக் காட்டில் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு விளக்க வேண்டுவதில்லை.

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1972 ஜூனில் ஐந்துக்கு மூன்று என்னும் கணக்கில் பிளட் தோற்றார். 1970 பருவம் முழுதும் அவர் ஆடவில்லை. 1971இல் வாசிங்டன் அணிக்காக 13 ஆட்டங்கள் ஆடியதோடு அவர் ஆட்டம் முடிந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி முடியவில்லை. 1973இல் ஆட்டக்காரர் சங்கமும் அணிகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் ஒரு விதி புகுந்தது: பத்தாண்டு உயர்நிலை ஆட்டம் ஆடி, இறுதி ஐந்தாண்டும் ஒரே அணியில் இருந்தவரை அவர் இசைவின்றிப் பரிமாறக் கூடாது. 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பொன்று பழைய ஒப்பந்தத் தளையையே அறுத்தது. பிளட்டுக்கு இவற்றால் பயன் ஏதுமில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். ஜடேஜா 2012 ஏலத்தில் சென்னை அணிக்கு வந்தவர். அவ்வணி தடைபட்டிருந்த 2016, 2017 ஆண்டுகள் நீங்கலாக அங்கேயே ஆடினார். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரு பந்துகளுக்குப் பத்து ஓட்டம் வேண்டியிருக்க, ஒன்றை ஆறுக்கும் மற்றதை நான்குக்கும் அனுப்பிக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். பரிமாற்றத்தின்போது அவர் முப்பத்தேழை நெருங்கியிருந்தார். சாம்சனுக்கு முப்பத்தொன்று நிறைந்திருந்தது. 2025 பருவத்தில் சென்னை பத்தாம் இடம். அதாவது கடைசி இடம். தோனிக்குப் பின் பந்துகாப்பவர் யார் என்னும் கேள்வியும் கதவைத் தட்டியது. இந்நிலையில் இளையவரும், பந்துகாப்பவரும், தொடக்கத்தில் இறங்கி அடிப்பவரும், தலைமை தாங்கிப் பழகியவருமான ஒருவரைப் பெற்றது தகுந்த கணக்கே என்பது என் கருத்து. 1965இல் சின்சினாட்டி செய்ததைவிட 1971இல் பால்ட்டிமோர் செய்ததற்கே இது நெருக்கமானது. கோப்பையை நினைத்துச் சீறியவரும் பேதையல்லர். அவர் அழுதது கணக்குக்காக அன்று. தம் வாழ்நாளில் பதின்மூன்று ஆண்டு ஓர் உருவத்தோடு கழிந்துவிட்டதற்காக.

தண்டலார் கேட்டதற்கும் விடை உண்டு. லீக் விதிப்படி ஆட்டக்காரரின் இசைவின்றிப் பரிமாற்றம் இல்லை. ஜடேஜாவோடு பேசி ஒத்த முடிவாகவே இது நடந்தது என்று அணியின் தலைமை அலுவலர் காசி விசுவநாதனும் விளக்கினார். பிளட் கேட்டுத் தோற்ற உரிமை, இங்கே தாளில் முதலிலேயே இருக்கிறது. ஆனால் தாளைச் சற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். பரிமாற்றத்தில் ஜடேஜாவின் ஊதியம் 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. தன்னை விரும்பாத இடத்தில் நிற்பதா, விரும்பும் இடத்துக்குக் குறைந்த ஊதியத்தில் போவதா என்று கேட்கப்படுவோர் சொல்லும் 'சரி'யும் இசைவே. ஆயினும் அவ்விசைவில் எத்தனை பங்கு விருப்பம், எத்தனை பங்கு வேறு வழியின்மை என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. இடமாற்ற ஆணைக்கு 'மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்' என்று கையொப்பமிட்ட ஆசிரியர்கள் இதனை என்னைவிட நன்கு விளக்குவர்.

இன்னொன்று. தாமே முயன்று அணி மாறவும் ஜடேஜா ஒருமுறை விழைந்ததுண்டு. தம் அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு பேசினார் என்று 2010 பருவம் முழுவதும் அவரை ஆடாமல் தடுத்தனர். அப்பொழுது அவர் விலக முயன்ற அணி இராஜஸ்தான். 2008இல், பத்தொன்பது வயதில், அவ்வணிக்காக ஆடித்தான் அவர் தம் முதற் கோப்பையைத் தொட்டார். அந்த இறுதியாட்டத்தில் மூன்று விக்கெட்டில் தோற்ற அணி சென்னை.