லாக்ல மணி இருக்கா?

திருப்பாலைவனத்துல இருக்கிற என் மாமா பழவேற்காட்டுலேர்ந்து கடலுக்குப் போறவர். ஹைதராபாத் இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையை அவர் போனுக்கு அனுப்ப ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் விடிகாலை 3 மணிக்கு கூப்பிட்டார்: "மருமவனே, இப்ப வந்தது இன்னைக்கு உள்ளதா, நேத்து உள்ளதா?"

லாக்கைத் திறந்தா, 'வார்னிங்:ரூட்:' அப்புறம் செய்தி. அவ்வளவுதான். பைத்தானோட டீஃபால்ட் ஃபார்மட்ல நேரமே கிடையாது. "தெரியல மாமா"ன்னேன். அன்னைக்கு அவர் போகல. ஒருநாள் பொழப்பு போச்சு.

பேசிக்கான்ஃபிக்ல ஃபார்மட்டுக்குள்ள ஆஸ்க்டைம் சேர்த்தேன். மறுநாள் விடிகாலை 3 மணிக்கு அனுப்பினது, லாக்ல முந்தின தேதி 21:30னு நிக்குது! ஆஸ்க்டைம் எடுக்கிறது சர்வரோட உள்ளூர் நேரம். என் சர்வர் ஓடுறது யூடிசியில. நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னாடி. டேட்ஃபார்மட் கடைசியில சதவீதக் குறியும் சின்ன இசட்டும் போட்டதும் +0000னு வந்தது, குழப்பம் தீர்ந்தது. (டேட்ஃபார்மட் கொடுத்தா மில்லிசெகண்ட் போயிடும், கவனிங்க.)

ஆனா மாமா கேட்டதுக்கு இது பதிலே இல்ல. ஆஸ்க்டைம் காட்டுறது ஸ்கிரிப்ட் அந்த வரியை எழுதின நேரம்; எச்சரிக்கை வெளியான நேரம் வேற. அதனால வெளியீட்டு நேரத்தையும் செய்திக்குள்ளயே எழுதுறேன். மாமா போனுக்கும் அதோடதான் போகுது.