கண் தலையணை

கண் தலையணை என்பது படுத்த நிலையில் மூடிய இமைகளின் மேல் வைத்துக்கொள்ளும் சிறிய துணிப்பை ஆகும். ஆளி விதை, அரிசி, கேழ்வரகு போன்ற சிறு தானியங்களோ விதைகளோ இதனுள் தளர்வாக நிரப்பப்படும். வெளிச்சத்தை மறைப்பதும், நெற்றிக்கும் இமைகளுக்கும் மெல்லிய எடையும் இளஞ்சூடும் அல்லது குளிர்ச்சியும் தருவதும் இதன் பணிகள். இது ஓய்வுக்கு உதவும் பொருள். கண் நோய்க்கான மருத்துவம் அன்று.

யோகப் பயிற்சியின் முடிவில் செய்யப்படும் சவாசனத்தில் இது பெரிதும் பயன்படுகிறது. பி. கே. எஸ். அய்யங்கார் (1918–2014) வழிவந்த யோக முறையில் இதே நோக்கத்திற்காக நெற்றியையும் கண்களையும் சுற்றி மென்மையான துணிக்கட்டு கட்டும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் கண் எரிச்சலுக்கு ஈரத்துணி, வெள்ளரிக்காய்த் துண்டு, நந்தியாவட்டைப் பூ ஆகியவற்றை இமைமேல் வைப்பது பழைய வழக்கம். நந்தியாவட்டையின் காம்பைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும் என்பதால் அதில் கவனம் தேவை.

திருப்பூர்ப் பகுதியும் கண் உழைப்பும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை உற்பத்தியில் முதன்மையான நகரம். 2009 ஆம் ஆண்டில் இது தனி மாவட்டத்தின் தலைநகரானது. இங்குள்ள பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் தையல் இயந்திரங்களில் வேலை செய்வோரும், செக்கிங் மேசையில் துணியின் ஓட்டை, கறை, தையல் பிசகு ஆகியவற்றைத் தேடுவோரும் நாள் முழுவதும் அருகிலுள்ள பொருளையே உற்றுப் பார்க்கின்றனர். உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சலும் உறுத்தலும் தோன்றுகின்றன. பஞ்சுத் தூசி அதை மேலும் கூட்டும். நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவோருக்கு அறை வெளிச்சமும் ஒரு தடை.

இத்தகையோருக்குக் கண் தலையணை சிறிது நேர இளைப்பாறுதலைத் தரும். ஆனால் கண் களைப்பின் காரணத்தை அது நீக்காது. 40 வயதை ஒட்டித் தொடங்கும் வெள்ளெழுத்து ஒரு முக்கியக் காரணம். அதற்குத் தேவைப்படுவது கண்ணாடி. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கிட்டப் பார்வைக்கான கண்ணாடி பெற்றோரின் உற்பத்தி பெறாதோரைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடியது. கண் தலையணை தரும் சுகத்தால் இப்பரிசோதனை தள்ளிப்போனால் இழப்பு தொழிலாளிக்கே.

எடையும் கண் அழுத்தமும்

கண்விழியின் உள்ளே எப்போதும் ஓர் அழுத்தம் உண்டு. பெரும்பாலோருக்கு அது 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். வெளியிலிருந்து விழியை அழுத்தினால் இது உயரும். இறுக்கமான சில நீச்சல் கண்ணாடிகளை அணியும்போது கண் அழுத்தம் உயர்வது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட பையின் பரப்பு 200 சதுர செ.மீ. அதில் 200 கிராம் விதை இருந்தால், சதுர செ.மீட்டருக்கு 1 கிராம் எடை விழும். இது ஏறக்குறைய 0.7 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம். பை தளர்வாக இருந்தால் எடையின் பெரும்பகுதியைப் புருவ எலும்பும் கன்ன எலும்பும் தாங்கிக்கொள்ளும். ஆனால் பையை இறுக நிரப்பினாலோ, அதன்மேல் கையை வைத்தாலோ, குப்புறப் படுத்தாலோ எடை விழியின் மேல் குவியும். அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது.

விழியை அழுத்தினால் இதயத் துடிப்பும் குறையக்கூடும். இதனை 1908 ஆம் ஆண்டில் பெர்னார்ட் அஷ்னரும் ஜியுசெப்பே டாக்னினியும் தனித்தனியே விவரித்தனர். முகத்தின் முப்பெருநரம்பு வழியாகச் செல்லும் உணர்வு மூளைத்தண்டை அடைந்து, அலையும் நரம்பின் மூலம் இதயத்தை மெதுவாக்குகிறது. ஆகவே கண்ணை அழுத்தினால்தான் அமைதி வரும் என எண்ணி எடையைக் கூட்டுவது தவறு.

பயன்படுத்தக் கூடாதவர்கள்

குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடையுள்ள கண் தலையணையைப் பயன்படுத்தக் கூடாது. இந்நோயின் பொதுவான வகை வலியின்றி மெல்லப் பார்வை நரம்பைச் சிதைக்கும். தமிழ்நாட்டில் நடந்த அரவிந்த் விரிவான கண் ஆய்வு, சென்னை குளுக்கோமா ஆய்வு ஆகிய இரண்டிலும், இவ்வகை நோய் இருந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மேல் அதுவரை நோய் கண்டறியப்படாதவர்களாகவே இருந்தனர். எனவே 'எனக்கு அந்த நோய் இல்லை' என்பதைப் பரிசோதனை செய்துகொண்டவர்தான் சொல்ல முடியும். 40 வயது கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் முதலில் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்வது நல்லது.

பின்வருவோரும் தவிர்க்க வேண்டும்:

- கண்புரை அறுவை உள்ளிட்ட எந்தக் கண் அறுவையையும் அண்மையில் செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை.
- விழித்திரை விலகல், கண்ணில் அடி, கருவிழிப் புண் உள்ளவர்கள்.
- 'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண் வலி உள்ளவர்கள்.
- கைக்குழந்தைகளும், தாமாகப் பையை எடுத்துப்போட இயலாதவர்களும். பை நழுவி மூக்கை அடைத்தால் மூச்சுத் திணறும்.

துணியும் தையலும்

பனியன் துணி தோலுக்கு மென்மையானது, வியர்வையை உறிஞ்சும். ஆனால் அது கண்ணிகளால் பின்னப்பட்டது. இழுத்தால் கண்ணி விரிந்து கேழ்வரகு போன்ற சிறு மணிகள் வெளியேறும். ஆதலால் விதைகளை நெருக்கமாக நெய்த பருத்திக் காடாத் துணியாலான உட்பையில் இட்டுத் தைத்து, அதன்மேல் கழற்றித் துவைக்கக்கூடிய பனியன் துணி உறையைப் போடுவது சிறந்தது. சிங்கிள் ஜெர்சி துணியின் வெட்டிய ஓரம் சுருளும். இன்டர்லாக் துணி சுருளாது. இருபுறமும் வழுவழுப்பாக இருக்கும். கட்டிங்கில் மிஞ்சும் துண்டுகளே உறைக்குப் போதும்.

கட்டிங் துண்டுகளில் சாய மிச்சமோ மென்மையூட்டும் பூச்சோ இருக்கலாம். அவற்றை இருமுறை அலசி உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். துணி சுருங்குவதும் அத்துடன் முடிந்துவிடும். வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்தி ஏற்றது. லைக்ரா கலந்த துணி சூட்டைத் தாங்காது. பொத்தான், ஜிப், மணி எதுவும் கண் படும் பக்கத்தில் வரக் கூடாது. உறையின் ஓவர்லாக் தையல் உட்புறம் இருக்க வேண்டும்.

நிரப்பும் பொருள்

ஆளி விதை தட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் முகத்தின் வளைவுக்கேற்ப நகரும். எண்ணெய்ச் சத்து மிகுந்ததால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அரிசியில் வண்டு பிடிக்கும். கடுகு உலர்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. நசுங்கி ஈரமானால் அதிலிருந்து வரும் காரமான ஆவி கண்ணை எரிக்கும். மணத்துக்குச் சில வெட்டிவேர் துண்டுகளைச் சேர்க்கலாம். நறுமண எண்ணெயைக் கண் படும் துணியில் தெளிக்கக் கூடாது. பையின் கொள்ளளவில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பினால் போதும்.

சூடும் குளிர்ச்சியும்

இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு உலர்கண் ஏற்பட்டவர்களுக்கு, ஏறக்குறைய 40 பாகை செல்சியசு அளவிலான இளஞ்சூட்டு ஒத்தடத்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்டு. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது, எளிதில் புண்படும். மைக்ரோவேவ் அடுப்பில் விதை சமமாகச் சூடேறாது. வெளியே இதமாகத் தோன்றினாலும் உள்ளே கொதிக்கும். மிகைச்சூட்டில் கருகித் தீப்பற்றவும் கூடும். சூடாக்குவதானால் சில நொடிகள் மட்டும் வைத்து, வெளியே எடுத்து, நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சுட்டால் கண்ணுக்கு ஆகாது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் பிறரைக் கொண்டு சோதிக்கலாம். குளிர்ச்சிக்கு மூடிய டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். உறைநிலைப் பெட்டி வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

1. கைகளைக் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ், கண் மை ஆகியவற்றை அகற்ற வேண்டும்.
2. மல்லாந்து படுக்க வேண்டும்.
3. இமைகளை மூடிய பின், விதைகளை இரு பக்கமும் ஒதுக்கி, மூக்குத்தண்டுப் பகுதி தளர்வாக அமையுமாறு பையை வைக்க வேண்டும்.
4. பட்டையால் கட்டவோ கையால் அழுத்தவோ கூடாது.
5. 10 முதல் 15 நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். உறங்கிவிடும் வழக்கமுள்ளவர்கள் அலாரம் வைக்கலாம். பகலுறக்கத்துக்கு எடையற்ற துணி மறைப்பே போதும்.
6. எடுத்தபின் சில வினாடிகள் இமைத்துவிட்டு எழ வேண்டும். பார்வை சற்று மங்கலாக இருந்தால் தெளியும்வரை இயந்திரத்தில் அமரவோ வண்டி ஓட்டவோ கூடாது.

தூய்மை

உறையை வாரம் ஒருமுறையாவது துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். உட்பையை நனைக்கக் கூடாது. ஈரம் பட்டால் விதை முளைக்கும் அல்லது பூஞ்சை பிடிக்கும். ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் பயன்படுத்தலாகாது. தொழிலாளர் விடுதிகளில் பலர் ஒரே அறையில் தங்குவதால், ஒரு பையே கண் வலியை அனைவருக்கும் பரப்பிவிடும். வாடை, பூஞ்சை, வண்டு தென்பட்டால் விதையை மாற்ற வேண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

கண் வலி, திடீர்ப் பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, குமட்டலுடன் கூடிய தலைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் கண் தலையணையை வைத்துப் பொறுத்திருக்காமல் உடனே கண் மருத்துவரை அணுக வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கண் களைப்புக்கும் பரிசோதனை தேவை.