சைக்கிள் ஓட்டினால் மனசு லேசாவது ஏன்? 'இந்த நொடியில்' இருக்கப் பழக்கும் இரண்டு சக்கரங்கள்!

சாப்பிட உட்கார்ந்தால், 'காலையில் அவர் ஏன் அப்படிப் பேசினார்?' என்ற யோசனை. படுத்தால், 'நாளைக்கு இ.எம்.ஐ. கட்டணுமே' என்ற கவலை. நம்மில் பலருக்கு உடம்பு ஓரிடத்திலும் மனசு வேறிடத்திலும்தான் இருக்கிறது. இதிலிருந்து கொஞ்ச நேரமாவது வெளியே வர சைக்கிள் உதவும். எப்படி?

அலைபாயும் மனசு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐபோன் செயலி மூலம் 2,250 பேரிடம் அவ்வப்போது, 'இப்போது என்ன செய்கிறீர்கள்? மனசு அதில் இருக்கிறதா? எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?' என்று கேட்கப்பட்டது.

சுமார் 47 சதவீத நேரம் மனசு வேறெங்கோதான் இருந்தது. அப்படி அலையும் நேரத்தில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்தவர்கள்கூட, செய்யும் வேலையில் மனசு வைத்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இருக்கவில்லை.

சைக்கிளில் என்ன நடக்கிறது?

ஓடும் சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால், ஹேண்டிலை லேசாக இடது பக்கமே திருப்புகிறோம். சக்கரம் உடம்புக்கு அடியில் வந்துவிடுவதால் விழாமல் நிமிர்கிறோம். உள்காதும் கண்ணும் தரும் தகவலை வைத்து, மூளை இதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது.

வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் வீட்டுப்பாடமோ கணக்கு வாத்தியாரோ ஞாபகத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

ஓட்டிப் பழகிய பிறகு பேலன்ஸ் தானாக வந்துவிடும். மனசு மறுபடி அலையவும் செய்யும். ஆனால், திடீரென ஒரு பள்ளம், குறுக்கே ஓடும் நாய், வளைவில் கிடக்கும் மணல் என ஏதாவது ஒன்று அதைத் திரும்ப அழைத்துவிடும். தியானத்தில் மூச்சைக் கவனிக்கச் சொல்வதும் இதற்குத்தான். மனசு அலைவதை யாராலும் தடுக்க முடியாது, திரும்பி வரப் பழக்கலாம்.

'ஃப்ளோ' என்றால் என்ன?

ஒரு வேலையில் நேரம் போவதே தெரியாமல் மூழ்கிப்போகும் நிலையை 'ஃப்ளோ' என்றார் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். தெளிவான இலக்கு, செய்தது சரியா என்பது உடனே தெரிவது, திறமைக்கு ஏற்ற சவால் ஆகியவை இதற்குத் தேவை என்கிறார் அவர்.

சைக்கிளில் மூன்றும் இருக்கின்றன. மேம்பாலம் ஏறும்போது இலக்கு கண்ணெதிரே தெரிகிறது. மிதித்தது போதுமா என்பதைத் தொடையும் மூச்சும் அப்போதே சொல்லிவிடும். கஷ்டமாக இருந்தால் கியரை மாற்றலாம், இல்லையென்றால் வேகத்தைக் குறைக்கலாம்.

எது கெடுக்கும்?

இயர்போனில் ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டால் மனசும் ஆபீஸுக்கே போய்விடும். பின்னால் வரும் லாரியின் சத்தமும் கேட்காது, இது ஆபத்து. 'நேற்றைவிட வேகம் குறைஞ்சிடுச்சே' என்று செயலியை அடிக்கடி பார்ப்பதும் இன்னொரு டென்ஷன்தான்.

எப்படித் தொடங்கலாம்?

* வாகன நெரிசல் குறைந்த சாலையில், அதிகாலையில் 20 நிமிடம் போதும். ஹெல்மெட், விளக்கு அவசியம்.
* கிளம்பும் முன் பிரேக்கையும் டயரில் உள்ள காற்றையும் பாருங்கள்.
* செல்போனை சைலன்ட்டில் போட்டுப் பையில் வையுங்கள்.
* முகத்தில் படும் காற்று, செயின் சத்தம், டீக்கடை வாசனை என வழியில் வருவதைக் கவனியுங்கள். ஆனால், கண் சாலையில் இருக்கட்டும்.
* யோசனை வந்தால் அதோடு சண்டை போட வேண்டாம். அடுத்த மிதியைக் கவனித்தால் போதும்.

கவனம் தேவை

சைக்கிள் மருந்துக்கு மாற்று அல்ல. தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூட்டுவலி, இதயப் பிரச்னை உள்ளவர்கள் ஆலோசனை பெற்றுத் தொடங்குவது நல்லது.

சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் இ.எம்.ஐ. கட்டத்தான் வேண்டும். ஆனால், அந்த 20 நிமிடத்தையும் சேர்த்து அந்தக் கவலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.