செங்காங் வீட்டுத்தொழிலும் வணிகப் பெயர்ப் பதிவும்

சிராங்கூன் சாலைக் கடைகளின் பெயர்ப்பலகைகள் சிங்கப்பூர்த் தமிழர் வணிகத்திற்குக் கண்கூடான சான்றுகள். செங்காங்கிலோ அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலிருந்தே முறுக்கும் ஊறுகாயும் விற்பனைக்குச் செல்கின்றன. வீட்டு வாயிலில் விளம்பரப் பலகை வைக்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதி இடந்தருவதில்லை. எனவே பொட்டலத்தின் மேலுள்ள பெயர் ஒன்றே அவ்வணிகத்தின் அடையாளமாகிறது. அப்பெயரைச் சட்டம் எங்ஙனம் நோக்குகிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

2014ஆம் ஆண்டின் வணிகப் பெயர்கள் பதிவுச் சட்டம் 2016 சனவரி 3 முதல் நடப்பில் உள்ளது. 2004இல் அமைந்த 'அக்ரா' எனும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையம் அதனைச் செயற்படுத்துகிறது. ஆதாயம் கருதித் தொடர்ந்து தொழில் செய்வோர் பதிந்துகொள்ள வேண்டும். அடையாள அட்டையிலுள்ள தம் முழுப்பெயரிலேயே தனியொருவராகத் தொழில் செய்பவருக்கு விலக்குண்டு.

இவ்விலக்கு தமிழருக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பது நம் கருத்து. நம் அடையாள அட்டையில் தந்தை பெயரும் சேர்ந்தே நிற்கும்; அந்நீண்ட பெயரை யாரும் முறுக்குப் பொட்டலத்தில் அச்சிடுவதில்லை. 'மீனாட்சி பலகாரம்' என்று சுருக்கி ஒரு சொல்லைச் சேர்த்த அளவிலேயே விலக்கு நீங்கிவிடுகிறது. பெயர் விண்ணப்பத்திற்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவிற்கு 100 வெள்ளி. மூன்றாண்டுக்குச் சேர்த்துப் பதிந்தால் 160 வெள்ளி. பதிந்தபின் பெயரும் பதிவெண்ணும் விலைச்சீட்டில் இடம்பெற வேண்டும். இப்பதிவால் வணிகம் தனி நிறுவனமாகிவிடாது. கடன் ஏற்படின் உரிமையாளரே முழுப்பொறுப்பு.

இனி, எழுத்துச் சிக்கல். பதிவேட்டில் பெயர் ரோமன் எழுத்திலேயே ஏறுகிறது. முன்பே உள்ள பெயரோடு ஒன்றாயிருப்பின் புதிய பெயர் மறுக்கப்படும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி, நிறுத்தற்குறி ஆகியவற்றை மாற்றுவதால் மட்டும் பெயர் வேறாகிவிடாது. ஆனால் 'அமுதம்' என்பதைத் தகரத்திற்கு 'டிஎச்' இட்டும் எழுதலாம், 'டிஎச்' இன்றி 'டி' மட்டும் இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டு பெயர், செவிக்கு ஒன்று. 'ழ'கரம் வரும் பெயர்களின் நிலையைச் சொல்லவே வேண்டுவதில்லை. மிக நெருங்கிய பெயரை மாற்றுமாறு பின்னர் முறையிட வழியுண்டெனினும், அது காலங்கடந்த பரிகாரமே.

பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பதால் பெயர் தமக்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். பெயரின்மீது உரிமை தருவது வணிகச் சின்னப் பதிவு. அது சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் பணி. அங்கே இரு சின்னங்களை ஒப்பிடுங்கால் எழுத்தோடு ஒலியும் பொருளும் நோக்கப்படுகின்றன. ஆகவே ரோமன் எழுத்தில் தப்பிவிடும் 'அமுதம்' இங்கே அகப்படக்கூடும். சின்னப் பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் இயலும். ஆனால் அது பொருள்வகைக்கு ஏற்பப் பகுக்கப்பட்டது: ஊறுகாய் 29ஆம் வகுப்பு, முறுக்கு 30ஆம் வகுப்பு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர் இரு வகுப்புகளுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும்.