‘காக்கா’வை ‘தாத்தா’ என்கிறானா? பேச்சு பழக்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது!

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு காக்காவைக் கைகாட்டி, ‘தாத்தா’ என்கிறான் நாலு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சிரித்துவிடுவோம். பள்ளிக்கூடத்திலும் சிரித்தால்? அவன் பேசுவதையே குறைத்துக்கொள்வான்.

‘க’ சொல்ல, நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும். அவனுக்கு நுனிநாக்கு முந்திக்கொள்கிறது. காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். என்ன பயிற்சி தேவை என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் முடிவு செய்வார். அதைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யவைப்பவர்தான் ஸ்பீச் தெரபி உதவியாளர். கண்ணாடி முன் உட்காரவைப்பது, தொண்டையில் தண்ணீர் நிறுத்திக் கொப்பளிக்கவைப்பது, பத்துக்கு எத்தனை தடவை சரியாகச் சொன்னான் என்று குறிப்பது, அம்மாவுக்கும் அதைக் கற்றுத்தருவது எல்லாம் இவர் வேலை. பக்கவாதத்தால் பேச்சு பாதித்த பெரியவர்களுக்கும் இந்தத் துணை தேவை.

அப்பாவுக்கு ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட், அம்மாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் பகல் ஷிஃப்ட் என்றால், பயிற்சிக்காக அடிக்கடி நகரத்துக்கு அலைய முடியுமா? உள்ளூரிலேயே ஆள் வேண்டும். இது நடக்கக்கூடியதுதான். உதடு, அண்ணப் பிளவோடு பிறந்தவர்களுக்காகப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு திட்டம் நடத்தியது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நிபுணர்கள் வழிகாட்ட, அவர்கள் கிராமத்திலேயே பேச்சுப் பயிற்சி அளித்தார்கள்.

என்ன படிக்கணும்?

பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு, ‘டி.ஹெச்.எல்.எஸ்.’ என்ற ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. 1965-ல் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இதை நடத்துகிறது. கேட்கும் பாடங்கள், மதிப்பெண் விவரங்களைச் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். தெரபிஸ்ட்டாகவே ஆக விரும்பினால், பயிற்சிக் காலத்தோடு நான்காண்டு ‘பி.ஏ.எஸ்.எல்.பி.’ பட்டப்படிப்பு.

ஏமாறாதீங்க!

‘மூன்றே மாதத்தில் தெரபிஸ்ட்’ என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்புதானா என்று பாருங்கள். படித்து முடித்ததும் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வது குற்றம். குழந்தையை அழைத்துப்போகும் பெற்றோரும் தயங்காமல் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

இந்த வேலைக்குப் பொறுமைதான் முதலீடு. நூறு தடவை ‘தாத்தா’ கேட்ட பிறகு, ஒருநாள் ‘காக்கா’ என்பான். அன்றைக்கு அவன் அம்மாவின் முகத்தைப் பாருங்கள்!